மகமை சைக்கிள்

பிலோமினாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளுக்கும் தெரியும், அவள் வீட்டுக்காரர் தனிஸ்லாஸுக்கும் தெரியும், தல்லாகுளத்தில் அவள் கையில் பிள்ளை பெற்றுக்கொண்ட அத்தனை பெண்களுக்கும் தெரியும். வலியில் கத்துகிறவளைவிட நர்சம்மா போடுகிற சத்தம்தான் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்பார்கள். கை ராசியான கை என்பதால் வாயை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அந்த வருடம் பங்குனியில், கீழமாசி வீதி நவதானிய வியாபாரிகள் மகமைச் சபையின் மாடியில், அந்த வாய் அவளைச் சும்மா விடவில்லை. நடுத்தெருவில் சைக்கிளில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது.

மகமை என்பது மதுரை வியாபாரிகளுக்கு மூச்சு மாதிரி. மூட்டை ஒன்று விலைபோனால் தர்மத்துக்கென்று ஒரு சின்னக் காசு உண்டியலில் விழும். வருடம் முழுக்க விழுந்ததைப் பங்குனியில் எடுத்து, மனுப் போட்டவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, தகுதியானவர்களுக்குக் கொடுப்பார்கள். தண்ணீர்ப் பந்தல், ஏழைப் பையன்களின் பள்ளிக்கூடச் சம்பளம், கோயில் விளக்கு என்று எதற்கும் கிடைக்கும். அந்தச் சபைக்கு மட்டும் ஒரு விசேஷ வழக்கம் உண்டு. வாங்குகிறவர், வாங்குகிற பொருளைத் தெரு பார்க்கப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். தெருவில் சேர்ந்த பணம், அது என்னவாயிற்று என்று தெருவே கண்ணால் பார்க்கட்டும் என்பது பெரியவர்கள் ஏற்படுத்திய நியாயம். முந்தின வருடம் கர்லாக்கட்டை வாங்கிய பயில்வான் அதைச் சுழற்றிக் காட்டியதில் சபையின் வாசல் விளக்கு போயே போய்விட்டது. மிருதங்கம் வாங்கிய பஜனைக் கோஷ்டியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவதற்குள் வியாபாரிகளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனாலும் வழக்கத்தை விட்டார்களா? விடவில்லை.

பிலோமினாள் கேட்டது சைக்கிள். கேட்டதற்குக் காரணம் விளாங்குடி ஒச்சாயி.

போன வருடம் தை மாதம் ஒச்சாயிக்கு வலி எடுத்தது. புருஷன் நல்லகாமன் வயல்வரப்பெல்லாம் விழுந்தடித்துத் தல்லாகுளத்துக்கு ஓடிவந்தான். அறுப்புக் காலம், ஊரில் இருந்த வண்டியெல்லாம் கதிரேற்றிக்கொண்டு களத்தில் நின்றன. வண்டி தேடி, மாடு தேடி, கெஞ்சிக் கூத்தாடிப் பிலோமினாள் போய்ச் சேர்ந்தபோது, ஊர் எல்லையிலேயே பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு விரலைவிட்டு நெகிழ்த்தி எடுத்திருக்க வேண்டிய கொடி. ஒச்சாயி அவளைத் திட்டவில்லை. "இம்புட்டுத் தூரம் வந்தீங்களே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பிலோமினாள் மறந்திருப்பாள். இப்போது ஒச்சாயி மறுபடியும் மாசமாக இருந்தாள். சித்திரை பிறக்கும்போது பிள்ளையும் பிறந்துவிடும் என்று கணக்கு.

மனுவை எழுதியது தனிஸ்லாஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ஒரு வரியில் முடிகிற சங்கதியை ஒரு வரியில் எழுதுவது தமிழுக்குச் செய்கிற துரோகம் என்பது அவர் கட்சி. 'ஆதியில் மனிதன் நடந்தான்' என்று மனு தொடங்கியது. பிறகு அவன் சக்கரம் செய்தான், தேர் செய்தான், போருக்குப் போனான், திரும்பி வந்தான். சபையில் காரியதரிசி நாகலிங்கம் அதை உரக்க வாசிக்க வாசிக்க, தலைவர் தவசிமுத்து முதலாளி வெற்றிலையை மென்றபடியே கண்ணயர்ந்துவிட்டார்.

தேரிலிருந்து ரயிலுக்கு வரும் இடத்தில் முதலாளி விழித்துக்கொண்டார். "நாகலிங்கம், போதும்யா. அம்மா, நீங்களே சொல்லுங்க. என்ன வேணும்?"

"சைக்கிளு வேணும் முதலாளி. வலின்னு ஆள் வந்தா வண்டி தேடிக்கிட்டு நிக்கிறேன். நான் போயிச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகுது."

முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. அவர் அப்படித்தான், மூட்டை எடையில் மட்டும்தான் கெட்டி. நாகலிங்கம் வேறு ரகம். ஒல்லியான உடம்பு, இறுக்கமான கோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு விதி. சிரித்தே பார்த்ததில்லை என்பார்கள் கீழமாசி வீதியில்.

"அதெல்லாம் சரி. இன்னைக்கு நாம வாங்கிக் குடுப்போம். நாளைக்கு இந்த வாத்தியாரு அதுல ஏறிப் பள்ளிக்கூடம் போவாரு. நீங்க பழையபடி வண்டி தேடிக்கிட்டு நிப்பீங்க. இதுக்கா மகமை?" என்றார் நாகலிங்கம்.

தனிஸ்லாஸ் இருமினார். அந்த யோசனை அவர் மனசின் ஓரத்தில் லேசாக இருக்கத்தான் செய்தது.

"அவரு எதுக்கு ஏறுறாரு? நான்தான் ஏறுவேன்" என்றாள் பிலோமினாள்.

"பொம்பளைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமாக்கும்?"

"ஏன் தெரியாது? சேலை கட்டுனாக் காலு இல்லாமப் போயிருமா?"

சபையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாகலிங்கம் சிரிக்கவில்லை. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஓட்டத் தெரியும்ங்கிறீங்க?"

"தெரியும்."

வாய் சொல்லிவிட்டது. கால் அதைக் கேட்டுத் திகைத்து நின்றது. அவள் அதுவரை சைக்கிளைத் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது.

"ரொம்பச் சந்தோசம்" என்றார் முதலாளி. "பங்குனி கடைசித் திங்கக்கிழமை காலையில நம்ம சபை வாசல்ல ஏறுறீங்க. கோயிலச் சுத்தி நாலு மாசி வீதியும் ஒரு சுத்து. நம்ம வாசல்லயே வந்து எறங்குறீங்க. அப்பவே கையில பணத்தைத் தந்துருறோம்."

"ஏறுற எடத்துலயே எறங்கணும். அதுதான் விதி" என்றார் நாகலிங்கம்.

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும், "பிலோமி, ஆழம் தெரியாம காலை விட்டுட்டியே" என்றார் தனிஸ்லாஸ். "காலை எங்கங்க விட்டேன், வாயைத்தான விட்டேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பயத்தில் சிரிக்கத் தொடங்கியவள், யானைக்கல் வரை சிரித்துக்கொண்டே போனாள்.

சிம்மக்கல்லில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தான் அழகுமலை. ரயில்வே துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவர் சம்சாரம் விற்றுவிட்டுப் போன சைக்கிள் ஒன்று அவனிடம் கிடந்தது. பெண்கள் சைக்கிள், நடுவில் குறுக்குக் கம்பி இல்லாதது, சேலையோடு ஏறலாம். வாங்க ஆளில்லாமல் கடைக் கூரையில் தொங்கிய அந்தச் சைக்கிளை விற்றுவிட, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி நர்சம்மா வந்து நின்றாள்.

"கவலைய விடுங்க நர்சம்மா. எருமை மாட்டுக்கே கத்துக்குடுத்துருவேன்" என்றான் அழகுமலை. சொன்னபிறகு, சொன்னது சரியில்லை என்று பட்டது. "உங்களச் சொல்லலை" என்று சேர்த்துக்கொண்டான்.

ஊர் பார்க்காத இடம் வேண்டும். வைகையைவிட நல்ல இடம் ஏது? பங்குனியில் ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மணல்தான். மணல் நடுவே பாரவண்டிகள் போய்ப் போய்க் கெட்டித்துப்போன தடம் ஒன்று அக்கரை வரை ஓடும். விடிகிற நேரத்தில் அழகுமலை சைக்கிளைப் பிடித்துக்கொள்வான், பிலோமினாள் ஏறுவாள், அவன் கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடுவான். முதல் நாள் அவள் விழுந்தாள். மறுநாளும் விழுந்தாள், அழகுமலை மேலேயே. துணைக்கு வந்த தனிஸ்லாஸ் கரையில் நின்று ஜெபமாலை உருட்டினார்.

ஒருநாள் காலையில், "பிடிச்சிருக்கியாப்பா?" என்று பிலோமினாள் கேட்டாள். பதில் வெகுதூரத்திலிருந்து வந்தது. அழகுமலை எப்போதோ கையை விட்டிருந்தான்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! காற்று முகத்தில் அடித்தது. முந்தானை பின்னால் படபடத்தது. முப்பத்தைந்து வயதுப் பெண், மூன்று பிள்ளைக்குத் தாய், மாதா கோயிலில் முன்வரிசையில் அடக்கமாக முட்டி போடுகிறவள், வைகை ஆற்றின் நடுவில் வாய்விட்டுக் கத்தினாள். கரையோர ஊற்றுத் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நடக்கிறோம் என்ற பெயரில் இத்தனை நாள் கால் தரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தடம் வளைகிற இடத்தில் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் நின்றது. அவள் பொத்தென்று மணலில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

அன்றிலிருந்து அதுவே பாடமாகிவிட்டது. அழகுமலை தள்ளிவிடுவான், அவள் பறப்பாள், நிற்க வேண்டுமானால் மணலுக்குள் விடுவாள், மணல் பிடித்து நிறுத்தும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை ஒருவருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அழகுமலையிடம் தனிஸ்லாஸ்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, மாசி வீதியில மணல் கிடையாதே. அங்க எப்படி நிறுத்துறது?"

அழகுமலை எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். பிலோமினாளைப் பார்த்தான். பிலோமினாள் அவனைப் பார்த்தாள்.

"பிரேக்கு?" என்றாள்.

"பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு நர்சம்மா. பணம் வந்ததும் புதுசு போட்டுக்குவோம்னு இருந்தேன். எறங்கச் சொல்லித்தரவும் மறந்துட்டேன்." தலையைச் சொறிந்தான். பிறகு முகம் தெளிந்தது. "அட, இதுக்கென்ன? ஏத்திவிடுறதும் நான்தான? வாசல்லயே நிக்கிறேன். சுத்தி வரும்போது கேரியரக் கப்புனு பிடிச்சுருவேன். நீங்க பாட்டுக்கு மகாராணி மாதிரி எறங்குங்க."

நல்ல திட்டம்தான். குறை சொல்வதற்கில்லை. சபைக்குப் பக்கத்துக் கட்டடம் மிளகாய் வத்தல் மண்டி என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கீழமாசி வீதி அடைத்துக்கொண்டது. பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டப்போகிறாள் என்றால் சும்மாவா? வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிமேல் ஏறி நின்றார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மண்டியில் அடுக்கியிருந்த மூட்டைமேல் ஏறி நின்றார்கள். பிலோமினாள் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகி, மருத்துவப் பையைக் கேரியரில் கட்டச் சொன்னாள். "பை இல்லாம எந்தப் பிரசவத்துக்குப் போறேன்? போற மாதிரிதான் காட்டணும்" என்றாள். நாகலிங்கமே இதற்குத் தலையை ஆட்டினார். சேசு மரி சூசை என்று சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். அழகுமலை தள்ளினான்.

போனாள் பாருங்கள்! சாமி புறப்பாடு போகிற வழியிலேயே, கீழமாசியிலிருந்து தெற்கே, தெற்கிலிருந்து மேற்கே என்று வலமாகப் போனாள். திருப்பங்களில் கூட்டம் ஓவென்று கத்தியது. பூக்கடைக்காரி ஒருத்தி கனகாம்பரத்தை வாரி வீசினாள். வடக்குமாசி வீதியைத் தாண்டிக் கீழமாசிக்குள் திரும்பியபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். சபை வாசலில் முதலாளி கையில் பணப்பையோடு நின்றார். அழகுமலை மல்யுத்தக்காரன் மாதிரி காலை அகட்டி, கையை விரித்துத் தயாராக நின்றான்.

அந்த நேரம் பார்த்து, ஆள் ஏறிய கனம் தாங்காமல் மண்டியில் ஒரு மூட்டை பிதுங்கி வெடித்தது. மிளகாய் நெடி குபீரென்று தெருவில் பரவியது. அழகுமலை கேரியரை நோக்கிப் பாய்ந்தான். பாய்கிற பாய்ச்சலிலேயே ஒரு தும்மல் வந்தது. அவன் கை காற்றைப் பிடித்தது. பிலோமினாள் அவனைத் தாண்டி, தும்மிக்கொண்டிருந்த முதலாளியைத் தாண்டி, தும்மலை அடக்கி முகம் சிவந்துபோன நாகலிங்கத்தைத் தாண்டி, மறுபடி தெற்கே போய்விட்டாள்.

"ரெண்டாம் சுத்தா?" என்றார் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேட்டதுக்கு மேலயே காட்டுறாங்கய்யா!"

அடுத்த சுற்றில் அழகுமலைக்குக் கண்ணே திறக்கவில்லை. சத்தம் வந்த பக்கமாகக் குத்துமதிப்பாகப் பாய்ந்து ஒரு ஜட்காக் குதிரையின் வாலைப் பிடித்தான். குதிரை அவனை உதைக்காமல் விட்டது மீனாட்சி புண்ணியம். மெதுவாக மிதித்தாலாவது நிற்குமா என்று பிலோமினாள் பார்த்தாள். மெதுவாக மிதித்தால் சைக்கிள் ஆடியது, ஆடினால் பயம் வந்தது, பயம் வந்தால் கால் தானாக வேகமாக மிதித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனிஸ்லாஸ் கூடவே ஓடினார்.

"பிலோமி, நில்லு!"

"எப்படிங்க?"

அவருக்கு மூச்சு முட்டியது. மேலமாசி வீதி முனையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் சுற்றச் சுற்ற ஊருக்குப் பலவிதமாகத் தோன்றியது. மீனாட்சிக்கு நேர்த்திக்கடன் என்றார்கள் சிலர். அவள் வேதக்காரி ஆயிற்றே என்று ஒருவன் சொன்னதற்கு, "ஆத்தாளுக்கு எல்லாரும் பிள்ளைதான், நீ உன் சோலியப் பாரு" என்று ஒரு கிழவர் அதட்டினார். ஒருத்தி கைக்குழந்தையை நீட்டி, "தொட்டுட்டுப் போங்கம்மா!" என்று கெஞ்சினாள். நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர் முதல் தடவை கை காட்டி நிறுத்தச் சொன்னார், இரண்டாவது தடவை விசில் ஊதினார், அதற்கடுத்த தடவை சலாம் வைத்தார். கீழமாசி வரும்போதெல்லாம் எல்லோரும் தும்மினார்கள். எத்தனை சுற்று என்பதில் அந்தத் தெருவில் இன்றைக்கும் சண்டை. தவசிமுத்து முதலாளி கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோனார். பிலோமினாளுக்குப் பயம் ஒரு கட்டத்தில் தீர்ந்தே போய்விட்டது. சாகும்வரைக்கும் மாசி வீதியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான், சோறு தண்ணியை யாராவது ஓடிவந்து கொடுத்தால் சரி என்று நினைத்தாள். நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வடக்குமாசி வீதிக்குள் வந்தாள்.

அங்கே தெரு நடுவில் ஒருவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். மேலெல்லாம் வேர்வை, காலெல்லாம் ஆற்று மணல். நல்லகாமன்.

"நர்சம்மா! ஒச்சாயிக்கு வலி கண்டுருச்சு! இன்னும் நாளிருக்குன்னு இருந்தோம்... உங்க வீட்டுக்குப் போனேன், இங்கன இருக்கீகன்னாக..."

போன தடவை வந்து நின்ற அதே முகம். பிலோமினாளின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சைக்கிள் நிற்கவில்லை.

"வாரேன்! நான் முன்னால போறேன், நீ பின்னால வா!" என்று அவனைத் தாண்டியபடியே கத்தினாள்.

இதுவரை அவள் திரும்பியதெல்லாம் வலது பக்கம். இடது பக்கம் திருப்பியதே இல்லை. ஆற்றுக்குப் போகிற தெரு இடது பக்கம்தான் இருந்தது. மாதாவே என்று ஹாண்டிலைத் திருப்பினாள். சைக்கிள் ஒரு வெங்காய வண்டியை உரசிக்கொண்டு திரும்பிவிட்டது. சிம்மக்கல் கடந்தது. இறக்கத்தில் காற்றாய்ப் பறந்து ஆற்றுக்குள் இறங்கினாள். தெரிந்த இடம், தெரிந்த மணல். ஆனால் இன்றைக்கு நிற்கக் கூடாது. தடத்தை விட்டு விலகாமல் மிதித்தாள். பாதி ஆற்றில் எதிரே ஒரு பாரவண்டி வர, ஒதுங்கியவளை மணல் பிடித்து உட்காரவைத்துவிட்டது.

"ஏத்திவிடுங்கப்பா! பிரசவத்துக்குப் போகணும்!" என்று அலறினாள்.

துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். தினமும் விடியலில் அவள் விழுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சைக்கிளோடு தூக்கித் தடத்தில் வைத்து, அக்கரை மேடு வரைக்கும் தள்ளிக்கொண்டே ஓடி, ரோட்டில் ஏற்றிவிட்டார்கள்.

விளாங்குடிக்குள் நுழைந்தபோது அவள் காதுகள் மட்டும்தான் வேலை செய்தன. அழுகைச் சத்தம் கேட்கிறதா? கேட்டது. ஆனால் அது பல பெண்கள் சேர்ந்து அழுகிற சத்தமில்லை. ஒருத்தி மட்டும் வலியில் கத்துகிற சத்தம். வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை என்று பிற்பாடு சொல்வாள். நல்லகாமன் வீட்டுப் பக்கத்தில் வைக்கோல்படப்பு இருந்தது. வேறு யோசிக்கவில்லை. நேராக அதற்குள் விட்டாள்.

பக்கத்து வீட்டுச் சீனியம்மாள், வைக்கோலுக்குள்ளிருந்து நர்சம்மா பையோடு வெளியே வந்ததைக் கண்டு இரண்டடி பின்வாங்கினாள். "வெந்நி வையி!" என்று கத்தியபடி பிலோமினாள் உள்ளே ஓடினாள்.

சங்கதி கேள்விப்பட்டுக் கிளம்பிய தவசிமுத்து முதலாளியின் குதிரை வண்டி பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர நேரமாயிற்று. நல்லகாமனையும் தனிஸ்லாஸையும் வழியில் ஏற்றியிருந்தார்கள். ரூபாய் கொடுக்கும் முன்பே சைக்கிளோடு காணாமல் போய்விட்டாள் என்று நாகலிங்கம் வழிநெடுக முணுமுணுத்தபடி வந்தார். வண்டியிலிருந்து இறங்கினார்கள். வைக்கோலுக்கு வெளியே ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது. உள்ளே ஒச்சாயியின் சத்தம். அதைவிடப் பெரிதாக நர்சம்மாவின் சத்தம்.

"முக்காத! ஒச்சாயி, இப்ப முக்காத! கொடி சுத்தியிருக்கு!"

நல்லகாமன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு உள்ளே சத்தமே இல்லை. போன வருடம் தை மாதம் வெளியிலிருந்தவர்களுக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான். நல்லகாமன் காதைப் பொத்திக்கொண்டான்.

அப்போது குழந்தை அழுதது. என்ன அழுகை! தவசிமுத்து முதலாளி மண்டியில் கேட்டாலும் கேட்டிருக்கும். நல்லகாமன் காதைப் பொத்தியிருந்ததால், தனிஸ்லாஸ் அவன் கையைப் பிடித்து விலக்கிக் கேட்கவைக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பிலோமினாள் வெளியே வந்தாள். தலையெல்லாம் வைக்கோல், சேலையெல்லாம் ஈரம். "பொம்பளப் பிள்ளை. ஒச்சாயி நல்லா இருக்கா" என்றாள் நல்லகாமனிடம். அவன் அவள் காலில் விழப்போனான். "போய்ப் பிள்ளையப் பாருடா!" என்று விரட்டினாள். அப்புறம்தான் சபைக்காரர்களைக் கவனித்தாள். முகம் வாடிவிட்டது. வாசலில் வந்து இறங்கவில்லையே! சைக்கிள் கையை விட்டுப் போயிற்று என்று நினைத்தாள்.

"முதலாளி, உண்மையச் சொல்லிர்றேன். எனக்கு எறங்கத் தெரியாது. அன்னைக்கு உங்ககிட்ட ஓட்டத் தெரியும்னதும் பொய்யி. இந்தச் சைக்கிள அப்பத் தொட்டதுகூட இல்ல."

தவசிமுத்து முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் காரியதரிசி பக்கம் திரும்பினார். "என்னய்யா நாகலிங்கம், விதி என்ன சொல்லுது? ஏறுன எடத்துலயே எறங்கலையே?"

எல்லோரும் நாகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். வைக்கோல் படப்பைப் பார்த்தார். உள்ளே குழந்தை மறுபடி அழுதது.

"எறங்க வேண்டிய எடத்துல எறங்கியிருக்காங்க. குடுத்துரலாம். பிரேக் கட்டைக்கும் சேர்த்து" என்றார். சொல்லிவிட்டு அவசரமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, மேல்துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்தார்.

"என்னய்யா?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்ல முதலாளி. மிளகா நெடி."

விளாங்குடியில் அந்தக் காலத்தில் மிளகாய் மண்டி எதுவும் கிடையாது.